கழுத்தில்லாத மூட்டை

மரியசுந்தரத்தின் வலது கை நூலை இழுத்துக்கொண்டிருந்தது. இடது கை மெழுகுக்கட்டியைப் பிடித்திருந்தது. வில்லியனூர் மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கோயில்பிள்ளை ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பார். இவர் அதை வாங்கி வந்து தேன்மெழுகோடு சேர்த்து உருக்கி, சோப்புக்கட்டி மாதிரி வார்த்து வைத்துக்கொள்வார். முறுக்கிய நூல் அந்தக் கட்டியின் மேல் ஓடும்போது ‘விர்’ரென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் விட்டுப்போகாமல் கேட்டால் மேஸ்திரி நல்ல மனசோடு இருக்கிறார் என்று பட்டறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். மனசு சரியில்லாத நாளில் நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

அன்றைக்கு அறுந்துகொண்டே இருந்தது.

"இன்னா மேஸ்திரி, நூலுக்கு ஜுரமா, உங்களுக்கு ஜுரமா?" என்று கேட்டாள் அமுதம், மெஷினை நிறுத்தாமலே.

"வாய மூடிக்கினு தைடி. விடிஞ்சா நான் பஸ் ஏறணும்."

விடிந்தால் சனிக்கிழமை. சென்னையில் ஒரு ராணுவ முகாமில் காலாட்படை உபகரணங்களைப் பற்றிக் கருத்தரங்கு. நடந்து போய்ச் சண்டை போடுகிற சிப்பாய் முதுகிலும் இடுப்பிலும் சுமக்கிற சாமான்களை யார் யார் செய்கிறார்களோ அவர்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். மரியசுந்தரத்துக்கும் அழைப்பு வந்திருந்தது. ஆங்கிலத்தில் இருந்த அதை மாதா கோயில் சாமியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டார்.

"சிம்போசியம்னா இன்னாங்க?" என்று கேட்டாள் அவர் மனைவி அந்தோணி மேரி.

"பொண்ணு பாக்கற மாதிரிதான். நாம ஜோடிச்சு உக்கார வைக்கணும். அவங்க வந்து திருப்பித் திருப்பிப் பாப்பாங்க. புடிச்சிருந்தா சேதி சொல்லுவாங்க."

"பஜ்ஜி, சொஜ்ஜி?"

"அவங்கதான் போடுவாங்க."

"மாப்ள வூட்டுக்காரனே பஜ்ஜி போடறானா? நல்ல சம்பந்தமா இருக்குது. வுட்டுடாதீங்க" என்றாள்.

எண்பத்திரண்டாம் வருஷத்தில் வில்லியனூரில் ‘மிலிட்டரிக்காரர் வீடு எது?’ என்று கேட்டால் எல்லோரும் இவர் வீட்டைக் காட்டுவார்கள். ஆனால் மரியசுந்தரம் எந்தப் படையிலும் இருந்ததில்லை. துப்பாக்கியைத் தொட்டதில்லை. தெருநாய் குரைத்தால் சைக்கிளை விட்டு இறங்கி, அதை நாய்க்கும் தனக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடப்பார். உண்மையான பட்டாளத்துக்காரர்கள் ஊரில் வேறு இருந்தார்கள், பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற சொல்தாக்கள். வழியில் இவரைப் பார்த்தால் விறைத்து நின்று ஒரு சலாம் வைப்பார்கள். கேலிதான். அதையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு பதில் சலாம் வைப்பார். உயரம் குறைவு, கைகள் நீளம். சலாம் வைத்தால் முழங்கை எங்கேயோ போய் நிற்கும்.

பாகூர்ப் பக்கத்தில் கூலி வேலை செய்த குடும்பம். மீசை முளைக்கும் முன்பே புதுச்சேரிக்கு வந்து, ரிக்ஷாவுக்கு டாப்பு தைக்கிற கடையில் தொழில் பழகினார். சீனாச் சண்டை வந்த வருஷம் சென்னைக் காண்டிராக்டர் ஒருவர் ராணுவத்துக்குக் கெட்டித் துணிப்பை தைக்க ஆள் தேடிக்கொண்டு வந்தார். டாப்பு தைத்தவருக்குப் பை தைப்பது பெரிய காரியமில்லை. அப்படி ஆரம்பித்தது. வில்லியனூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழைய நெல் கிடங்கு பட்டறை ஆயிற்று. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்த பெண்கள் மெஷினில் உட்கார்ந்தார்கள். அவர்கள் தைத்த ரேஷன் பையும் தண்ணீர்ப் புட்டியின் உறையும் எந்தெந்த மலைக்கோ போயின.

இப்போது அந்தக் காண்டிராக்டர் சென்னையிலேயே மின்சார மெஷின்கள் வாங்கிப் போட்டுக்கொண்டார். பை வேலை நின்றுபோயிற்று. பட்டறையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு நம்பிக்கை. அது மரியசுந்தரம் தானே யோசித்துத் தைத்த ஸ்ட்ரெச்சர். கருத்தரங்கில் அதைக் களச் சோதனைக்கு எடுத்துக்கொண்டால் பட்டறை ஓடும். எடுக்காவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான். பெண்கள் செங்கல் சூளைக்குப் போவார்கள். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த யோசனை வந்ததற்குக் காரணம் சுபேதார் தணிகைவேல். ஆற்காட்டுப் பக்கத்து ஆள், நல்ல பருமன். பைகளைச் சோதித்து எடுத்துப்போக வருஷா வருஷம் வருவார். ஒரு தடவை அந்தோணி மேரி போட்ட மீன்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், மலைச்சரிவில் கழி வைத்த ஸ்ட்ரெச்சர் திரும்பாது, பாறையில் இடிக்கும், அதனால் அடிபட்டவனை முதுகில் போட்டுக்கொண்டு வருவோம் என்று. மரியசுந்தரத்துக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. கழியே இல்லாமல், கெட்டிக் கேன்வாஸில், இரண்டு பக்கமும் கைப்பிடி வார் வைத்து, பாய் மாதிரிச் சுருட்டி ஒரு சிப்பாய் முதுகிலேயே கட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒன்று தைத்தார். ஈரம் ஏறாமலிருக்க வழவழவென்று பூச்சு போட்ட துணி. அதற்குப் பட்டறையில் வைத்த பெயரும் ‘பாய்’தான்.

பாயைச் சோதித்துப் பார்க்க வேண்டுமே. அங்கேதான் வேலம்மாள் குறுக்கே நின்றாள்.

பட்டறையில் மூத்தவள் வேலம்மாள். துணி வெட்டுகிற வேலை அவளுடையது. கோபம் இல்லாதபோது அவரை ‘மேஸ்திரி’ என்பாள், கோபம் வந்தால் ‘தம்பி’ என்பாள். அவள் புருஷன் செல்லக்கண்ணுவைப் பாகூர்க் கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்தது. கட்டில் கிடைக்கவில்லை. அவளுடைய புடவையையே இரண்டாக மடித்து, அதில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அரியாங்குப்பம் தாண்டும்போது மூச்சு நின்றிருந்தது. கண் மூடுகிற வரைக்கும் அவன் பேசிக்கொண்டுதான் வந்தான் என்பாள்.

"உசுரோட இருக்கறவன துணில போட்டு நாலு பேரு தூக்கக் கூடாது, தம்பி. தூக்கினா துணி ஆள கேக்கும். எம் புருஷன கேட்டுது, வாங்கிக்கிச்சு. இந்தக் கொட்டாயில ஒருத்தரும் அதுல படுக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. அவளுக்காக மட்டும் என்று சொல்ல முடியாது. எல்லோருக்குமே உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. வேதக்காரர், இந்து என்கிற வித்தியாசம் இதில் கிடையாது. வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது என்கிற அதே ஊர்தான். பாயை விரித்தால் வெறுமே விடக் கூடாது என்று அதன்மேல் ஒரு செங்கல்லைத் தூக்கி வைப்பாள் அமுதம். சோதனைக்கு நெல் மூட்டை. ஆள் கனத்துக்கு மூட்டையைக் கட்டி, பாயில் போட்டு, நாலு பெண்கள் பட்டறையைச் சுற்றி வந்தார்கள். மூட்டையை இரண்டாக்கினார்கள். தண்ணீரில் நனைத்துத் தூக்கினார்கள். ஒரு தையல்கூட விடவில்லை. மரியசுந்தரம் ஒவ்வொரு வாரையும் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, மாதாவுக்குத் தோத்திரம் சொன்னார்.

சனிக்கிழமை காலை, கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு, தோளில் சுருட்டிய பாயோடு சென்னை பஸ் ஏறினார். கையில் அந்தோணி மேரி கட்டிக்கொடுத்த புளிச்சோற்று டப்பா.

முகாமில் பெரிய பந்தல் போட்டிருந்தார்கள். வெள்ளைத் துணி விரித்த மேஜைகள். பூட்ஸ் செய்கிறவர்கள் வடக்கே இருந்து வந்திருந்தார்கள். தண்ணீர்ப் புட்டி செய்கிறவர்கள் பம்பாயிலிருந்து, கோட்டும் டையும் கட்டி, வழவழப்பான வண்ணப் புத்தகங்களோடு. தலைக்கவசம், கூடாரம், மண்வெட்டி என்று வரிசையாக இருந்தது. மரியசுந்தரத்துக்குக் கடைசி மேஜை. பாயை விரித்தார். விரித்ததை வெறுமே விட மனசு வரவில்லை. செங்கல்லுக்கு எங்கே போவது? புளிச்சோற்று டப்பாவை எடுத்து நடுவில் வைத்தார்.

பக்கத்து மேஜை பூட்ஸ்காரர் அதைப் பார்த்துவிட்டு, இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். டப்பாவுக்கு அடிபட்டுவிட்டதா என்று கேட்கிறார் என்பது பாஷை தெரியாமலே புரிந்தது. இவரும் சிரித்து வைத்தார். மத்தியானம் டப்பாவைத் திறந்து அந்தப் பூட்ஸ்காரருக்கும் பாதி கொடுத்தார். அவர் விரலை நக்கிக்கொண்டு சாப்பிட்டார். அதற்குப் பிறகு டப்பாவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

உள்ளே மண்டபத்தில் பேச்சு நடந்தது. எல்லாம் ஆங்கிலம். மரியசுந்தரம் கடைசி வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மற்றவர்கள் தலையாட்டும்போது தலையாட்டினார். அங்கே வந்திருந்த சுபேதார் தணிகைவேல் குனிந்து காதில் சொல்லிக்கொண்டே வந்தார்: "சிப்பாய் முதுகுல ஏத்தற கனத்த கொறைக்கணும்ங்கறாரு. நம்ம பாய் கனமே இல்ல. நீ தைரியமா இரு."

பேச்சு முடிந்ததும் அதிகாரிகள் மேஜை மேஜையாக வந்தார்கள். கடைசி மேஜைக்கு வந்தபோது அவர்களோடு ஒரு பெண் டாக்டரும் இருந்தார், ராணுவ உடையில். நாகர்கோவில்காரர், மேஜர் என்றார் தணிகைவேல். அந்த அம்மா பாயைத் தூக்கிப் பார்த்தார், கைப்பிடியை இழுத்துப் பார்த்தார், தையலை நகத்தால் கீறிப் பார்த்தார். கர்னல் ஒருவர் பாயைச் சுருட்டித் தன் முதுகிலேயே வைத்துப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார். 

"வெளியே மேட்டுல தூக்கிப் பாக்கலாமா?" என்றார் மேஜரம்மா.

மைதானத்தின் கோடியில் ஒரு பெரிய மண்மேடு இருந்தது. நாலு சிப்பாய்கள் வந்தார்கள். அடிபட்டவனாகப் படுக்க யார்?

"நான் படுக்கறேன்" என்று தணிகைவேல் தொப்பியைக் கழற்றினார். "நம்ம ஊருக்காரன் தைச்சது. என் ஒடம்ப தாங்கிச்சின்னா எவனையும் தாங்கும்."

 தான் தைத்த துணியில் உயிருள்ள மனிதன் ஒருவன் படுப்பதை மரியசுந்தரம் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார். கை தானாகவே சிலுவை போட்டுக்கொண்டது.

சமதரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "ஜம்முனு கீதுபா! தூளி மாதிரி கீது!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் தணிகைவேல். மேட்டில் ஏறத் தொடங்கினார்கள், தலை மேலே, கால் கீழே. பாதி ஏறியிருப்பார்கள். வழவழத்த துணியில் சுபேதார் கீழ்ப்பக்கமாக வழுக்க ஆரம்பித்தார். பிடித்து நிறுத்த ஒரு வார் கிடையாது. அவருடைய பூட்ஸ் இரண்டும் பின்னால் வந்த சிப்பாயின் வயிற்றில் போய் இடித்தன. அவன் கையை விட்டான். சுபேதார் தணிகைவேல் பலாப்பழம் மாதிரி உருண்டு மேட்டின் அடியில் வந்து உட்கார்ந்தார்.

மைதானமே சிரித்தது. தணிகைவேலும் சிரித்தார், மண்ணைத் தட்டிக்கொண்டே. சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் மரியசுந்தரம். இன்னொருவர் மேஜரம்மா.

"திரும்பப் படுங்க சுபேதார். நினைவு தப்பின ஆளு மாதிரி ஒடம்ப விட்டுடுங்க" என்றார். படுத்தார். மேஜரம்மா தூக்கச் சொன்னார். துணி நடுவில் குழிந்தது. இடுப்பு கீழே இறங்க, முழங்கால் மேலே வர, தலை முன்னால் மடிந்து முகவாய் நெஞ்சில் குத்தி நின்றது. மேஜரம்மா சுபேதாரின் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு மரியசுந்தரத்தைக் கிட்டே கூப்பிட்டு, அவருடைய கையையும் அங்கே வைத்தார். முழித்துக்கொண்டிருக்கிற அந்த மனிதருக்கே மூச்சு இழுத்து இழுத்துத்தான் வந்தது.

நோயாளியைத் தூக்கிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. மனித உடம்பில் கனம் இடுப்பில் இருக்கிறது. அது இறங்கினால் மற்றதெல்லாம் அதன்மேல் மடியும். முழித்திருக்கிறவன் கழுத்தை நிமிர்த்திக்கொள்வான். நினைவில்லாதவனுக்கு அதை நிமிர்த்திக் கொடுக்க வேறொருவர் வேண்டும்.

"ஆரையாவது படுக்க வச்சுப் பாத்தியளா?" என்று கேட்டார் மேஜரம்மா.

"நெல்லு மூட்டைய வச்சு பாத்தோம்மா. ரெண்டு மூட்டை. நனைச்சுகூட..."

"மூட்டைக்குக் கழுத்து உண்டா?"

 மரியசுந்தரம், பொய் சொல்லத் தெரியாததால், இருப்பதைச் சொன்னார். தங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பவர்களைத் துணியில் போட்டுத் தூக்க மாட்டார்கள் என்றார். தூக்கினால் ஆகாது என்றார்.

மேஜரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "அப்போ ஆருக்குத்தான் தைக்கிய?" என்று மட்டும் கேட்டார்.

துணி நல்ல துணி, யோசனை நல்ல யோசனை என்று மற்ற அதிகாரிகளிடம் அவரே சொன்னார். ஞாயிறு விடுமுறை. திங்கள் மத்தியானம் கருத்தரங்கு முடியும்போது களச் சோதனைக்கு எதை எதை எடுப்பது என்று முடிவாகும். "அதுக்குள்ள கொண்டாங்க. ஆளு படுத்துப் பாத்த துணியா கொண்டாங்க. எனக்குப் பாத்தாலே தெரிஞ்சிரும்" என்றார்.

பஸ் நிலையம் வரைக்கும் தணிகைவேல் கூட வந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"இதுக்கு இன்னாத்துக்குபா மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு? நடுவுல ஒரு பெல்ட்டு, தலைக்கு ஒரு மெத்த. வச்சுத் தைச்சு எடுத்தாந்துடு. படுத்துப் பாத்தேன்னு சொல்லு. உங்க ஊட்டு ஜனம் படுத்துதா இல்லியான்னு மேஜரம்மா வில்லியனூருக்கு வந்தா பாக்கப் போறாங்க?"

திண்டிவனம் வரைக்கும் மரியசுந்தரத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பெல்ட் எங்கே வர வேண்டும் என்று மடியில் இருந்த பாயின் மேல் விரலால் அளந்து பார்த்தார். நெஞ்சுக்கா? இடுப்புக்கா? தொடைக்கா? விரல் நின்றுபோயிற்று. மூட்டையை நினைத்து அளந்தால் எந்த இடமும் ஒன்றுதான். ஆளை நினைத்தால் எந்த இடமென்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஊர் வருகிற வரை பாயைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்.

இருட்டிய பிறகு வீடு வந்து சேர்ந்தபோது வாசலில் வேலம்மாள் நின்றிருந்தாள். பட்டறைப் பெண்கள் எல்லோர் சார்பிலும் சேதி கேட்க வந்திருந்தாள். அந்தோணி மேரி காபி கொண்டுவந்தாள்.

"பொண்ணு புடிச்சிருக்குதாமா?" என்றாள்.

"பொண்ணு வழுக்கிவுட்டுடுச்சு" என்றார். நடந்ததைச் சொன்னார், தணிகைவேல் உருண்டது உள்பட. இரண்டு பெண்களும் முதலில் சிரித்தார்கள். பிறகு முகவாய் நெஞ்சில் மடிந்ததைச் சொன்னார். தன் கையைச் சுபேதார் மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்ததைச் சொன்னார். "துணி ஒண்ணும் பண்றதில்லையாம் யக்கா. கழுத்து மடிஞ்சா மூச்சுக்கு வழி அடைச்சிக்குமாம். அதான் ஆபத்தாம்."

வேலம்மாள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். காபி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"இப்படியா?" என்று தன் முகவாயை நெஞ்சில் வைத்துக் காட்டினாள்.

"அப்படித்தான்."

"எம் புருஷன் தல இப்படித்தான் கிடந்துது. நான் கூடவே ஓடிக்கினு வந்தேன். தூங்கறாரேன்னு நெனச்சேன். எழுப்பக் கூடாதுன்னு வாயத் தொறக்கல."

 செல்லக்கண்ணுவின் உயிர் விஷத்தால் போயிற்றா, கழுத்து மடிந்து போயிற்றா என்பது இனி ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. பாம்புக்கடியில் இரண்டும் சேர்ந்துதான் வரும். வேலம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். காபியில் பாதி அப்படியே இருந்தது.

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் நான் படுக்கப் போறேன்" என்றார் மரியசுந்தரம்.

"எதுல?"

"பாய்லதான்."

அந்தோணி மேரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "படுங்க. நல்லா படுங்க. அதுக்கு முன்னால எந்தாலிய கழட்டி மாதா கால்ல வச்சிட்டு வந்துடறேன். அவங்களே பாத்துக்கட்டும்."

"அப்ப யாருக்குத்தான்டி தைக்கறோம்? எவனோ ஒருத்தன் ஊட்டுப் புள்ளைக்குன்னா சரி, நமக்குன்னா ஆவாதா?"

 அந்தோணி மேரி சோறு போடும்போது தட்டை ‘டங்’கென்று வைத்தாள்.

ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் பட்டறைப் பெண்களைச் சங்கராபரணி ஆற்றங்கரைக்கு வரச் சொல்லியிருந்தார். அங்கேதான் கரை மேடு செங்குத்தாக இருக்கும். வேதக்காரப் பெண்கள் பூசைக்குக் கட்டிய புடவையோடு வந்தார்கள். மற்றவர்கள் வேலைப் புடவையோடு வந்தார்கள். வேலம்மாளை மட்டும் காணவில்லை.

மரியசுந்தரம் பாயை விரித்தார். அமுதம் பழக்க தோஷத்தில் செங்கல்லைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, படுத்துக் கண்ணை மூடினார். "தூக்குங்க."

ஒருத்தியும் கிட்டே வரவில்லை.

"தூக்குங்கடி!"

"என்னால ஆவாது அண்ணே" என்று அமுதம் அழுதே விட்டாள். மற்றவர்கள் அந்தோணி மேரியின் முகத்தைப் பார்த்தார்கள். அந்தோணி மேரி ஆற்றைப் பார்த்தாள். கண்ணை மூடிக் கையைக் கட்டிப் படுத்திருந்த மரியசுந்தரம் உண்மையாகவே செத்தவர் கோலத்தில்தான் இருந்தார். பூச்சரம் ஒன்றுதான் குறை.

அப்போது கரைமேல் வேலம்மாள் வந்தாள். நேராக வந்து, காலால் அவர் தோளைத் தட்டினாள்.

"எழுந்திரு தம்பி."

"யக்கா, நீ தடுக்காத..."

"தடுக்க வரல. எழுந்திருன்னு சொன்னேன். நீ மொதலாளி. நீ படுத்தா இவளுங்க கை நடுங்கிப் போட்டு ஒடைப்பாளுங்க. அப்புறம் எல்லாரும் சூளைக்குத்தான் போவணும். எனக்குன்னா அழ ஆளில்ல. இவளுங்களுக்கு நான்னா பயம், போட மாட்டாளுங்க."

அவர் எழுந்தார். வேலம்மாள் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, பாயின் நடுவில் உட்கார்ந்து, மெதுவாகச் சாய்ந்தாள். ஒரு நிமிஷம் அவள் விரல்கள் இரண்டு பக்கத் துணியையும் இறுக்கிப் பிடித்திருந்தன. பிறகு ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது.

"இன்னாடி பாக்கறீங்க? நெல்லு மூட்டைய தூக்கத் தெரியும், வேலம்மாள தூக்கத் தெரியாதா? தூக்குங்கடி!"

தூக்கினார்கள். சமதரையில் நடந்தார்கள். மேட்டில் ஏறினார்கள். அவள் வழுக்கத் தொடங்கியதும் அடியிலிருந்து மரியசுந்தரம் தோள் கொடுத்து நிறுத்தினார். வேலம்மாள் உள்ளே படுத்தபடியே சத்தம் போட்டாள்.

"இங்க! அக்குளுக்குக் கீழ ஒண்ணு புடிக்கணும். தொடைக்கு ஒண்ணு. வயித்துல கட்டாத, மூச்சு முட்டும். தல மடியுது பாரு... கழுத்துக்கு அடியில இன்னா வைக்கப் போற? மெத்தன்னு எதையாவது ஒசத்தி வைக்காத, இன்னும் மடியும். தோளுக்கு அடியில வை, தல பின்னால சாயட்டும்."

மரியசுந்தரம் கூடவே நடந்து, வெட்டுச் சுண்ணாம்பால் துணியின் விளிம்பில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். அந்தோணி மேரி தன் முந்தானையை மடித்துச் சுருட்டி அவள் தோளுக்கு அடியில் திணித்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கீழே என்றாள் வேலம்மாள். அங்கேயும் ஒரு கோடு விழுந்தது.

பூசை முடிந்து கரையோரம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சனம் நின்றுவிட்டது. நாலு பெண்கள் ஓர் ஆளைத் துணியில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பக்கத்தில் மிலிட்டரிக்காரர் குனிந்தபடி நடக்கிறார். ஆண்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்கள். பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பென்ஷன் சொல்தா ஒருவர் விறைத்து நின்று சலாம் வைத்தார். இந்தத் தடவை கேலி இல்லை.

"யாருப்பா போயிட்டாங்க?" என்று மெல்லக் கேட்டார்.

"நான்தான்யா! இன்னும் போவல! வழிய வுடு!" என்றது பாய்.

சலாம் வைத்த கை இறங்கவே இல்லை. அமுதம் அழுதுகொண்டே சிரிக்க ஆரம்பித்தாள். பிடித்திருந்த நாலு பேருக்கும் சிரிப்பில் கை தளர்ந்து, வேலம்மாள் போட்ட கத்தலில் மறுபடி இறுகியது.

மேட்டின் உச்சியில் இறக்கினார்கள். வேலம்மாள் எழுந்து உட்கார்ந்து, கலைந்த கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். சுண்ணாம்புக் கோடுகளைக் குனிந்து பார்த்தாள். "ஒரு ஆளு படுத்தா பத்தாது, மேஸ்திரி. நான் குச்சி. குண்டா இருக்கறவங்களுக்கு வேற எடத்துல கோடு வரும்."

யாருக்கும் மரியசுந்தரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை, அவர் குண்டில்லை. மெல்ல அந்தோணி மேரியின் பக்கம் திரும்பினார்கள்.

அந்தோணி மேரி கழுத்தில் கை வைத்தாள். தாலி அங்கேதான் இருந்தது. அதை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பாயில் போய்ப் படுத்து, புடவையைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சீக்கிரம் தூக்குங்க. அடுப்புல உலை வச்சிட்டு வந்திருக்கறேன்" என்றாள்.